கொழுப்பு மாத்திரை மிஸ்

அவள் கையால் ஒரு மாத்திரை வாங்க வேண்டுமென்றால், அது உடம்புக்குள் போய் என்ன செய்யும் என்பதைக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். பஸ் போய்விடும், பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்து நிற்கும், அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்தேன் என்று எதைச் சொன்னாலும் மாத்திரை உறை அவள் கையிலேயே இருக்கும். "ரெண்டு நிமிஷந்தாங்க," என்பாள். அது சில நேரம் பத்து நிமிடம் ஆகும்.

ஹட்டன் டவுனில் ஒரு பாமசி. அங்கே நானும் அவளும் ஆறு வருடம் ஒரே கவுண்டரில் நின்றோம். எனக்கு மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை. அவள் பரீட்சை எழுதித் தேறிய பாமசிஸ்ட். அவள் கையெழுத்து இல்லாமல் கடையைத் திறக்க முடியாது. அதனால்தான் முதலாளி அவளைப் பொறுத்துக்கொண்டார். "மிஸ், இது பாமசியா, டியூசன் கிளாஸா?" என்று வாரத்துக்கு ஒரு தடவையாவது கேட்பார். அவள் சிரித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடருவாள்.

என்னைவிடப் பதினொரு வயது இளையவள். ஆட்கள் முன்னால் நான் அவளை மிஸ் என்பேன். ஆள் இல்லாதபோது தங்கச்சி. டவுனில் அவளுக்கு இன்னொரு பெயர் இருந்தது, கொழுப்பு மாத்திரை மிஸ். எல்லா மருந்துக்கும் விளக்கம் சொல்வாள் என்றாலும், கொலஸ்ட்ரோல் மாத்திரை வந்தால் மட்டும் அவள் குரல் மாறிவிடும். அந்தப் பெயர் அவளுக்குப் பிடிக்கவில்லை. மரியாதைக் குறைவு என்பதற்காக அல்ல, தகவல் தவறு என்பதற்காக.

"இது கொழுப்ப கரைக்காதுங்க. கொழுப்ப தொடவே தொடாது."

ஒரு நாள் இதை அவள் சொன்னபோது எதிரே நின்றவர், திம்புள்ளப் பக்கத்துத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர்.

"அப்ப எதைத்தான் மிஸ் தொடும்?"

"நம்ம கல்லீரல்ல ஒரு நொதி இருக்குங்க. கொலஸ்ட்ரோல் செய்யிற வேலையில அதுதான் முக்கியமான ஆளு. அதுல ஒரு குழி இருக்கு. மூலப்பொருள் வந்து அந்தக் குழியில உட்கார்ந்தாத்தான் வேலை நடக்கும். பஸ்ஸு சீட்டுன்னு வச்சிக்கங்க."

"சரி."

"இந்த மாத்திரையோட ஒரு முனை அந்த மூலப்பொருள் மாதிரியே இருக்கும். நொதிக்கு வித்தியாசம் தெரியாது. இது முந்திப் போயி உட்கார்ந்துக்கும். மூலப்பொருள் வந்து பாக்கும், எடமில்ல. நின்னுகிட்டே இருக்கும்."

"எழுப்பிவிட மாட்டாங்களா?"

"லேசுல முடியாதுங்க. மூலப்பொருள விட ஆயிரம் மடங்குக்கு மேல இறுக்கமா பிடிச்சிக்கும். மத்த முனை பக்கத்துல உள்ள பள்ளத்துலயும் போயி ஒட்டிக்கும். ரெண்டு பக்கமும் பிடி."

"அப்பிடின்னா ஒருக்கா போட்டா போதுமே மிஸ். எதுக்கு தெனமும்?"

"அங்கதான் எல்லாரும் தப்பு பண்றாங்க. சீட்ட உடைக்கலீங்க. உட்கார்ந்துதான் இருக்கு. நேரம் வந்தா எறங்கிரும். இது எறங்கினா அது ஏறிரும். இன்னைக்கி போட்டது இன்னைக்கித்தான்."

பெரியவர் மாத்திரை உறையை வாங்கிச் சட்டைப் பையில் வைத்தார். "முப்பது வருஷம் பெரட்டுக் களத்துல ஆளுங்கள வேலைக்குப் பிரிச்சுவிட்டவன் நான். எனக்கு ஒரு டாக்டரும் இந்த மாதிரி வெளங்கப்படுத்தல," என்றார். அடுத்த மாதம் வந்தபோது வரிசையில் பின்னால் நின்ற ஒருவரிடம், "கொழுப்ப கரைக்காதுப்பா, சீட்ட பிடிக்கும்," என்று அவரே சொல்லிக்கொண்டிருந்தார். அன்று முழுவதும் அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

அந்த விளக்கத்துக்கு இன்னொரு பாதி இருந்தது. அதைச் சொல்லும்போது மட்டும் அவள் வேகமாகப் பேசுவாள். உள்ளே செய்வது நின்றதும் கல்லீரலுக்குக் கொலஸ்ட்ரோல் பற்றாமல் போகும். உடனே அது வெளியே கைகளை நீட்டி, இரத்தத்தில் ஓடுவதைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும். இரத்தத்தில் குறைவது அப்படித்தான். இதை ஒரே மூச்சில் சொல்லி, உறையைக் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிடுவாள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வரிசை நீளமாக இருந்தது.

மருந்து கம்பனியின் ஆள் ஒருவர் வருவார். கழுத்துப்பட்டி கட்டி, பளபளக்கும் அட்டைகள் கொண்டுவருவார். ஒரு தடவை அவர் காட்டிய அட்டையில் பூட்டும் சாவியும் போட்டிருந்தது. அவள் அதை வாங்கி நீண்ட நேரம் பார்த்தாள்.

"சாவி தொறக்குமே. இது எதையும் தொறக்காதே," என்றாள்.

"சும்மா ஒரு படந்தானே மிஸ்."

"இத பாக்குறவங்க ஏதோ ஒண்ணு தொறந்துக்குதுன்னு நெனப்பாங்க. பெறகு பிரஷர் மாத்திரையும் தொறக்குது, இதுவும் தொறக்குதுன்னு எல்லாத்தையும் ஒண்ணா கலந்துக்குவாங்க."

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

இன்னொரு நாள், ஒரு சிங்கள அம்மா மருந்து வாங்கினார். கையில் ஒரு பெரிய ஜம்போலாப் பழம், பம்பளிமாஸ். இவள் அதைப் பார்த்துவிட்டு, தினமும் அதைச் சாப்பிடுகிறீர்களா என்று சிங்களத்தில் விசாரித்தாள். அந்த அம்மாவோ, மிஸ் பழத்தைக் கேட்கிறாள் என்று நினைத்து, கவுண்டரில் வைத்துவிட்டுப் போய்விட்டார். இவள் பழத்தைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். பதுளை பஸ்ஸை நிறுத்தி, கண்டக்டரைக் காக்க வைத்து, அந்தப் பழம் மாத்திரையை உடம்பிலிருந்து வெளியேற விடாமல் தேக்கிவிடும், அளவு கூடினால் தசை நோகும் என்று படிக்கட்டில் நின்றபடியே சொல்லி முடித்தாள். திரும்பி வரும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதடு நீலமாக இருந்தது. ஓடியதால் என்று நினைத்தேன். அவள் ஓடி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

அவளிடம் எல்லோருக்கும் பிடிக்காத ஒரு குணமும் இருந்தது. பொய் சொல்ல மாட்டாள். ஒரு பெண் தன் கணவனுக்குக் கொலஸ்ட்ரோல் மாத்திரை வாங்க வந்தாள். அவனுக்கு இருதயம் முக்கால்வாசி செயலிழந்துவிட்டது என்று ஆஸ்பத்திரித் துண்டில் எழுதியிருந்தது. "இத போட்டா தேறிருவாருதானே மிஸ்?" என்று கேட்டாள். இவள் துண்டை இரண்டு முறை படித்தாள். "இது இனிமே வரப்போற அடைப்ப தடுக்குங்க. செத்துப்போன தசைய இது ஒண்ணும் செய்யாது," என்றாள். அந்தப் பெண் கவுண்டரைப் பிடித்துக்கொண்டே அழுதாள்.

அந்தப் பெண் போன பிறகு நான் இவளோடு சண்டை போட்டேன். "ஆமான்னு ஒரு சொல்லு சொன்னா என்னா தங்கச்சி கொறஞ்சிரும்?"

"பொய் சொல்லிக் குடுக்குறதுன்னா மாத்திரை எதுக்குக்கா? மாவ உருட்டிக் குடுத்துறலாமே."

அவளைப் பற்றிய மற்றதெல்லாம் எனக்கு வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம்தான் தெரியவந்தது. மெலிந்த உடம்பு. ஏப்ரல் மாத மத்தியானத்திலும் கை முழுக்க மூடிய கம்பளிச் சட்டை. கண்ணின் கருவிழியைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம், வயதானவர்களுக்கு வருவது போல. விரல் கணுக்களில் மஞ்சளாகச் சின்னச் சின்னக் கட்டிகள். மரு என்று நினைத்து ஒருவர் சுண்ணாம்பு தடவச் சொன்னார். அவள் "சரிங்க" என்றாள்.

ஒரு நாள் பின்பக்கக் குழாயில் அவள் கைகழுவும்போது நான் தண்ணீர் எடுக்கப் போனேன். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் ஏற்றியிருந்தாள். இரண்டு முழங்கைகளிலும் பாக்கு அளவுக்குக் கட்டிகள், கொத்துக் கொத்தாக. நான் பார்த்துவிட்டதை அவளும் பார்த்தாள். சட்டையை இறக்கவில்லை.

"கொலஸ்ட்ரோல்க்கா. ரத்தத்துல எடமில்லாம தோலுக்கு வந்திருச்சு," என்றாள். கவுண்டரில் பேசுவாளே, அதே குரல்.

அவளுடைய அப்பாவும் அம்மாவும் அத்தை மகனும் மாமன் மகளும். அக்கரப்பத்தனைக்கு மேலே ஒரு தோட்டத்தில், ஒரே லயத்து வரிசை வீடுகளில் பிறந்து அதே லயத்தில் கல்யாணம் கட்டியவர்கள். நான் சொன்னேனே, இரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்ளும் கைகள் என்று. அந்தக் கையைச் செய்வதற்கான மரபணுக் குறிப்பு அப்பாவிடம் ஒரு பாதி கெட்டிருந்தது, அம்மாவிடமும் ஒரு பாதி கெட்டிருந்தது. பாதி இருந்ததால் அவர்கள் ஓரளவுக்குத் தாக்குப்பிடித்தார்கள். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் சாக்குத் தூக்கும்போது நாற்பத்துநாலு வயதில் விழுந்தார். பிள்ளைகள் மூன்று பேருக்கும் இரண்டு கெட்ட பாதிகளும் வந்து சேர்ந்தன. அண்ணன் பத்தொன்பது வயதில், மைதானத்தில் வொலிபோல் அடித்துக்கொண்டிருந்தபோது போனான். அக்கா இருபத்திரண்டு வயதில், கொழுந்துக் கூடையோடு நிறுவைக்கு வரிசையில் நின்றபோது போனாள். லயத்தில் செய்வினை என்றார்கள். கோயிலில் கிடாய் வெட்டினார்கள். மூன்றாவது பிள்ளையின் முழங்கையைப் பார்த்த கண்டி டாக்டர் ஒருவர்தான் முதன்முதலாக இரத்தம் எடுத்துப் பார்க்கச் சொன்னார்.

"பதினாலு வயசுலருந்து இந்த மாத்திரைய போடுறேன். இது எப்பிடி வேலை செய்யும்னு ஒவ்வொரு கிளினிக்குலயும் கேப்பேன். கொழுப்ப கொறைக்கும், ஒழுங்கா போடுன்னுதான் சொல்வாங்க. ஒழுங்காத்தானே போடுறேன், கொறையலையேன்னா, எண்ணெய் சாப்பிடுறியான்னு அம்மாவ ஏசுவாங்க. எங்க வீட்டுல எண்ணெய் ஏது? ரொட்டியும் சம்பலும்."

"பெறகு எப்பிடி தெரிஞ்சிச்சு?"

"பாமசிக்கு படிக்கும்போது. நொதி, குழி, மாத்திரை போயி உட்கார்றது எல்லாம் ஒரு பக்கத்துல படம் போட்டு இருந்திச்சு. எனக்கு அழுகையே வந்திருச்சு, இத்தன வருஷத்துக்கு அப்பறம் வெளங்கிருச்சேன்னு. அதே பக்கத்துல கீழ போட்டிருந்திச்சு, அந்தக் கை இல்லாதவங்களுக்கு இது அவ்வளவா பிரயோசனப்படாதுன்னு."

குழாயை மூடினாள்.

"மாத்திரை அதோட வேலைய சரியாத்தான்க்கா செய்யுது. சீட்ட பிடிச்சிக்குது. கல்லீரலும் கை நீட்டத்தான் பாக்குது. எனக்குக் கை இல்ல. அவ்வளவுதான்."

வெளிநாட்டில் இரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து ஏற்றுவார்களாம். கல்லீரலையே மாற்றுவார்களாம். அதையும் ஒரு மருந்தைப் பற்றிச் சொல்வது போலவே சொன்னாள். அவளுக்கு இருந்தது மாதத்துக்கு ஒரு முறை கண்டி கிளினிக்கும், கொழும்பில் இருதய வால்வு ஒப்பரேஷனுக்குப் பதிந்திருந்த பெயரும்தான்.

என் வீட்டுக்காரர் மரக்கறி லொறி ஓட்டுபவர். நுவரெலியாவிலிருந்து தம்புள்ளைக்குப் போய்வருவார். நாற்பத்தாறு வயதில் அவருக்கு மாரடைப்பு வந்து, கண்டியில் இரத்தக் குழாய்க்குள் ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். பை நிறைய மாத்திரை. மற்றதையெல்லாம் போடுவார். கொலஸ்ட்ரோல் மாத்திரை என்றால் மட்டும், "ஊருல உள்ளவனுக்கெல்லாம் கொழுப்பு. மூட்டை தூக்குற எனக்கா கொழுப்பு?" என்று அட்டையைத் தள்ளிவிடுவார். நான் அதைக் கடையில் சொல்லப் போக, அடுத்த பௌர்ணமிப் போயா லீவில் அவள் டிக்கோயாவிலுள்ள எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். இரண்டு பஸ் மாறி வந்தவள், தேத்தண்ணியைக் கூட ஆறவிட்டுவிட்டு அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

அவர் விடவில்லை. "நா பொரியலே தொடுறதில்ல மிஸ். பெறகு எங்கேருந்து வருது?"

"நீங்க சாப்பிடுறதுல வர்றது கொஞ்சந்தாண்ணே. பெரும்பகுதி ஒங்க ஒடம்பே செய்யுது. நீங்க பட்டினி கெடந்தாலும் செய்யும்."

பிறகு நொதி, குழி, சீட்டு. லொறிக்காரருக்கு அது பிடித்துவிட்டது. கண்டக்டர் யார், இறங்கும்போது என்ன ஆகும் என்று குறுக்குக் கேள்வி கேட்டார். அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். கடைசியில் அவள் விரல்களைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நீங்களும் இதத்தான் போடுறீங்களா?"

"ஆமாண்ணே. பெரிய டோஸ்."

"வேலை செய்யுதா?"

நான் அடுப்படி வாசலில் நின்றிருந்தேன். அவள் ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்தாள். "நொதிய நல்லா அடைக்குதுண்ணே," என்றாள். அது பொய் இல்லை. அவர் தலையாட்டினார். அன்று என் கண்ணெதிரே ஒரு மாத்திரையைப் போட்டுக் காட்டினார்.

பெற்றோலுக்கும் காஸுக்கும் ஊரே வரிசையில் நின்ற அந்த வருடம் மருந்தும் இல்லாமல் போனது. எங்கள் அலுமாரித் தட்டுகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. அரசாங்க ஆஸ்பத்திரியில் துண்டு எழுதி, வெளியே வாங்கிக்கொள் என்று அனுப்பினார்கள். ஆட்கள் வெறும் அட்டையைக் கொண்டுவந்து காட்டினார்கள். "இது மாதிரி ஒண்ணு இருந்தா தாங்க மிஸ்." பத்து நாள் மாத்திரை இருபது நாளைக்கு வருமென்று சிலர் பாதியாக உடைத்துப் போட்டார்கள். கொடுக்க மருந்து இல்லாதபோதும் அவள் பேசுவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் சீட்டுகள் எப்படிக் காலியாகும், எத்தனை நாளில் பழைய அளவு திரும்பும் என்றெல்லாம் சொன்னாள். "மருந்தும் இல்ல, இதக் கேட்டு நா என்னா செய்ய?" என்று ஒருவர் கோபித்துக்கொண்டு போனார். அவர் கேட்டது நியாயம் என்று எனக்குப் பட்டது. அவளுக்கும் பட்டிருக்கும். கொஞ்ச நேரம் கவுண்டரைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

முதலாளி தெரிந்தவர்களுக்கென்று சில பெட்டிகளை உள்ளே வைத்திருந்தார். ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு அதைக் கொடுக்கச் சொல்லி அவள் சண்டை போட்டாள். அதுவும் ஒரு வாரத்தில் தீர்ந்தது. என் வீட்டுக்காரரின் பெட்டியும் தீர்ந்தது.

ஒரு நாள் சாயங்காலம் கடை சாத்தும்போது என் பைக்குள் எதையோ வைத்தாள். எடுத்துப் பார்த்தேன். கண்டி கிளினிக்கின் பழுப்பு உறை. உள்ளே ஒரு மாத மாத்திரை. பெயர் எழுதிய இடத்தைக் கிழித்திருந்தாள்.

"இது ஒன்னோடது."

"எனக்கு இதுல நூத்துக்குப் பத்தோ பதினஞ்சோதான்க்கா கொறையும். அண்ணனுக்கு பாதி கொறையும். டோஸு பெருசு, நடுவுல உடைச்சி பாதி குடுங்க. ரெண்டு மாசம் வரும்."

"வேணாம் தங்கச்சி."

"ஒரே மாத்திரை. யாருக்குள்ள போனா வேலை செய்யுமோ அவங்க போடுறதுதானே முறை?"

"பத்துன்னாலும் பத்துதானே. வேணாம்."

"அண்ணன் ஸ்டென்ட் வச்ச ஆளுல்ல. புள்ளைங்க படிக்குதுங்க."

வேண்டாமென்று இரண்டு முறை சொன்னேன். மூன்றாவது முறை சொல்லவில்லை. பையின் வாயை இழுத்து மூடிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன். அடுத்த மாதமும் உறை வந்தது. அதற்கடுத்த மாதமும் வந்தது. அந்த இரண்டு தடவையும் நான் ஒன்றுமே சொல்லவில்லை. வீட்டில், கடையில் வந்த மருந்து என்று சொல்லிக் கொடுத்தேன்.

கொழும்பிலிருந்து அவளுக்குக் கடிதம் வந்தது. சாமான் இல்லாததால் ஒப்பரேஷன் தள்ளிப்போடப்பட்டிருக்கிறது, திகதி பிறகு அறிவிக்கப்படும் என்று. அதை மடித்து மருந்துப் பட்டியல் புத்தகத்துக்குள் வைத்தாள். "எல்லாருக்கும்தானேக்கா," என்றாள்.

மழை ஓய்ந்த ஒரு காலை நேரம். லயத்திலிருந்து மேலே ரோட்டுக்கு ஏறுவதற்கு அறுபதோ எழுபதோ படிகள். ஹட்டன் பஸ்ஸைப் பிடிக்க ஏறி வந்தவள் பாதியில் ஒரு படியில் உட்கார்ந்திருக்கிறாள். வேலைக்குப் போன பெண்கள், மூச்சு வாங்குகிறாள் என்று நினைத்து, "என்னா மிஸ், பஸ்ஸு வந்திரும்," என்று சொல்லிவிட்டு ஏறிப் போயிருக்கிறார்கள். திரும்பிப் பார்த்தபோது சாய்ந்திருந்தாள். தோட்ட லொறியில் டீசல் இல்லை. நான்கு பேர் கம்பளியில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். ஓட வேண்டிய தேவை அப்போதே இல்லையாம். முப்பத்தோரு வயது.

எங்கள் கடைக்கு மருந்து வாங்க வரும் டாக்டர் ஒருவரிடம் நான் கேட்டேன், யாரோ ஒருவரைப் பற்றிக் கேட்பது போல. இந்த வியாதிக்காரர் மூன்று மாதம் மாத்திரை போடாமல் விட்டால் என்ன ஆகும் என்று. அவர் விரலால் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சொன்னார், "அந்த நிலைமையில பெரிய வித்தியாசம் இருந்திருக்காது." 'பெரிய' என்ற சொல் இல்லாமல் அவர் அதைச் சொல்லியிருக்கலாம்.

அவள் செத்த பத்தாம் நாள், வீட்டுக்காரர் லொறியைக் கழுவப் போட்டார். நான் முன்னிருக்கையைத் துடைத்தேன். சீட்டுக்கு அடியில் ஒரு சொப்பிங் பேக். அதற்குள் மூன்று பழுப்பு உறைகள். மாத்திரைகள் அநேகமாக அப்படியே இருந்தன.

"எத்தன போட்டீங்க?"

அவர் குழாயைப் பிடித்தபடி நின்றார். "இந்தப் புது மாத்திரைய நாலஞ்சி நாளு போட்டேன். காலு ரெண்டும் இழுத்துப் பிடிச்சிக்கிச்சு. நுவரெலியா எறக்கத்துல பிரேக்க மிதிக்க முடியல. பின்னுக்கு ஏழு டன் மரக்கறி. பயந்துட்டேன்."

"எங்கிட்ட சொல்லலியே."

"நீ மிஸ்கிட்ட சொல்வ. வீடு தேடி வந்து அவ்வளவு நேரம் இருந்து சொல்லிக் குடுத்த புள்ள. வருத்தப்படும்னு சொல்லல."

அவள் இருந்து, இதைக் கேட்டிருந்தால் வருத்தப்பட்டிருக்க மாட்டாள். சந்தோஷமாக வந்திருப்பாள். தசை ஏன் நோகிறது, எவ்வளவு குறைக்கலாம், எதை மாற்றலாம் என்று மத்தியானம் வரை பேசியிருப்பாள். இது எங்கள் இரண்டு பேருக்குமே தெரிந்திருந்தது. அவை யாருடைய மாத்திரைகள் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. முதலாளி வேறொரு பாமசிஸ்டை வைத்துக் கடையைத் திறந்திருந்தார். மறுநாள் அவற்றைக் கடைக்குக் கொண்டுபோய், அதே மருந்து எழுதிய துண்டோடு வந்த ஒரு வயதான அம்மாவுக்குக் கொடுத்தேன். எப்படி வேலை செய்யும் என்று நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமென்று போய்விட்டார்.

பதினாறாம் நாள் கருமாதிக்குப் போனேன். லயத்தின் முன்னால் தகரக் கொட்டகை போட்டிருந்தார்கள். அவளுடைய அம்மா இன்னமும் கொழுந்து எடுக்கப் போகிறவர். விரல் நுனிகள் கறுத்திருந்தன. என்னை அடையாளம் தெரிந்துகொண்டு, உள்ளே கூட்டிப் போய்ப் பாயில் உட்கார வைத்தார். சுவரில் மாலை போட்ட படங்கள் நான்கு. அவர் அழவில்லை. அழுது முடித்தவர் போலவும் தெரியவில்லை.

"நீங்கதான் கூடவே இருந்தவங்க. ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்."

"கேளுங்கம்மா."

"மத்த ரெண்டுக்கும் என்னா வியாதின்னே தெரியாம விட்டுட்டேன். இதுக்குத்தான் தெரிஞ்சி மாத்திரை கெடச்சிச்சு. வேலையில எங்கயாச்சும் மறந்திருக்குமோன்னு மனசு கெடந்து அடிச்சிக்குது. புள்ள மாத்திரைய ஒழுங்கா போட்டிச்சாங்க?"

வெளியே பந்திக்கு ஆட்களைக் கூப்பிடும் சத்தம் கேட்டது.

"போட்டிச்சிம்மா," என்றேன். "ஒரு நாளும் விடல."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நீண்ட நேரம் விடவில்லை. பிறகு எழுந்து போய், இலையை அவரே கழுவிக் கொண்டுவந்து என் முன்னால் போட்டார். சோறு வைத்து, பருப்பை ஊற்றி, "தூரம் போகணும், நல்லா சாப்பிடுங்க," என்று பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

நான் சாப்பிட்டேன்.